கட்டாயம் எங்கே, கடமை அங்கே

பல ஊர், பல மொழி, பல வழக்கங்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரும்போது, எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நியாயம் என்று நினைக்கிறோம். ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே தேர்வு. இந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் நல்ல உரைகல்.

1884இல் அங்கே மேமி டேப் என்ற எட்டு வயதுச் சிறுமிக்கு, சீனப் பெற்றோரின் மகள் என்பதற்காகவே பள்ளியில் இடம் மறுத்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1885இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டமன்றமோ உடனே சீனப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைக்க வழி செய்தது. மேமி கடைசியில் அங்கேதான் படிக்கப் போனாள்.

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு அநீதி வேறு உருவில் வந்தது. பள்ளிக் கதவு திறந்திருந்தது. ஆனால் ஆங்கிலம் தெரியாத சுமார் 1,800 சீனப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொள்ளத் தனி உதவி எதுவும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை எந்த ஊர் வகுப்பிலும் பார்க்கலாம். பலகையில் இருப்பதைப் பிசகாமல் நோட்டில் இறக்கிவிடும். பக்கத்துப் பிள்ளை எந்தப் பக்கத்தைத் திறக்கிறது என்று பார்த்துத் தானும் திறக்கும். ஆசிரியரின் கணக்கில் அது தொந்தரவு தராத பிள்ளை.

பெற்றோர் தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் பள்ளியின் பக்கமே நின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுச் சூழலின் சாதக பாதகங்களோடுதான் வருகிறது. அவற்றைப் பள்ளி உண்டாக்கவில்லை என்பது வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாட்டையெல்லாம் ஆசிரியரே ஈடுகட்ட வேண்டும் என்றால் அது ஆகிற காரியமா?

ஆனால் ஒன்றை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொன்னது அரசு. ஆங்கிலத்தில் தேறினால்தான் பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் என்று விதித்ததும் அதே அரசு. கட்டாயப்படுத்திக் கூப்பிட்டவருக்கு, வந்தவர் உள்ளே வந்து சேர வழி செய்யும் கடமையும் உண்டு. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புரியாத பிள்ளைக்கும் புரிந்த பிள்ளைக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

எந்த முறையில் உதவுவது என்பதை நீதிமன்றம் வகுத்துச் சொல்லவில்லை. 1998இல் கலிபோர்னிய வாக்காளர்கள் இருமொழி வகுப்புகளைப் பெரிதும் முடக்கினார்கள். 2016இல் அவர்களே அந்தத் தடையை விலக்கினார்கள். முறை பற்றிய சண்டை ஓயாது. தனி உதவியே தனிப் பள்ளியாக இறுகிவிடும் அபாயமும் உண்டு. அதனால் எந்த ஏற்பாட்டையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம்: இது பிள்ளையைப் பொது வகுப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறதா? அதற்கு விலையாக அதன் வீட்டு மொழியையும் பெயரையும் பழக்கத்தையும் கேட்கிறதா?

இது தூரத்து நாட்டுச் சங்கதி மட்டும் இல்லை. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவும் சொல்கிறது. தமிழகத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கு வேலை தேடி வந்த பீகார் குடும்பத்தின் பிள்ளை தமிழ் படிப்பது அதற்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ஆனால் அந்தப் பிள்ளை தமிழில் தட்டுத் தடுமாறும் காலத்தில் கைகொடுப்பது சலுகைக் கணக்கில் வராது. அது கட்டாயத்தோடு சேர்ந்தே வந்த கடன்.

நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் ஆசிரியரின் தலையில் இதை முழுக்கக் கட்டுவதும் அநியாயம். கூடுதல் ஆசிரியர், நேரம், புத்தகம் ஆகியவற்றுக்கு அரசுதான் பொறுப்பு. ஆசிரியருக்கு மிஞ்சுவது சிறிய பங்கு: பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிப்பது, புரிந்ததா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பது, மொழி தெரியாததை மூளைக் குறைவாக எண்ணாமல் இருப்பது. இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.