நம்பியவனின் பொறுப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்து வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றி நடத்துபவர்களுக்கு இணையதளம் இல்லாமல் இன்று தொழில் நடக்காது. உலகின் இணையதளங்களில் பத்துக்கு நான்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. சிறு விடுதிக்காரருக்கும் கைக்கு எட்டுவது அதுதான். அறை பதிவு செய்ய ஒரு பிளகின், பணம் வாங்க ஒன்று, படங்களை நகர்த்திக் காட்ட ஒன்று என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நிரல்கள் உள்ளே வந்து சேர்கின்றன. அங்கே பிளகினுக்கென்று தனி எல்லை எதுவும் கிடையாது. படம் நகர்த்த வந்த நிரல்கூட, தங்க வருபவர்களின் பெயர், தொலைபேசி எண், வரும் தேதி, போகும் தேதி எல்லாம் இருக்கும் தரவுத்தளத்தை முழுக்கப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். இப்படி ஒன்றைச் சோதிக்காமல் நம்பி உள்ளே விடுவது வெறும் அசட்டையா, அறப்பிழையா? கணினிக்காரர்களின் கவலை போலத் தோன்றும் இந்தக் கேள்வியின் வேர், நம் தர்க்க மரபில் நூற்றாண்டுகளாக நடந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

ஓர் அறிவு சரியானது என்பது எப்படித் தெரியும் என்பதுதான் அந்த வழக்கு. மீமாம்சை என்ற தத்துவப் பள்ளியினரான மீமாம்சகர்கள், குறிப்பாக 7ஆம் நூற்றாண்டின் குமாரில பட்டர், அறிவு தன்னளவிலேயே செல்லும் என்றார்கள். பின்னால் வரும் வேறோர் அறிவு அதை மறுத்தாலோ, அது பிறந்த இடத்தில் குறை இருப்பது தெரியவந்தாலோதான் அதைத் தள்ள வேண்டும். அதுவரை நம்புவதே முறை. எதிர்ப் பள்ளியான நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. அறிவு சரியானது என்று தெளிவது புறத்திலிருந்துதான், அதை வைத்துச் செயல்பட்டு அது பலித்ததா என்று பார்த்துத்தான் என்றார்கள். பிறர் சொல்லை எப்போது ஏற்பது என்பதற்கும் நியாய உரைகாரர் வாத்ஸ்யாயனர் ஓர் அளவுகோல் தருகிறார்: சொல்பவர் பொருளை நேரில் அறிந்தவராகவும், அறிந்தபடியே சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் சேர்க்கிறார். குலமும் நாடும் அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

இந்த இரண்டில் எது சரி என்று பொதுவில் தீர்ப்பது வீண்வேலை என்றே எனக்குப் படுகிறது. இழப்பு யாருடையது என்று கேட்டால் வழக்கு தெளிகிறது. 1877இல் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்தார். பழைய கப்பல், பழுது பார்க்கச் செலவாகும். இத்தனை பயணம் தாங்கியது இதையும் தாங்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, மனதார நம்பி, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. நம்பிக்கை உண்மையானதுதான், ஆனால் நம்ப அவருக்கு உரிமை இல்லை என்றார் கிளிஃபர்ட். சான்றில்லாமல் நம்புவது எங்கும் எப்போதும் தவறு என்று அவர் போன தூரத்துக்கு நான் போகமாட்டேன். அப்படியானால் யாரும் பேருந்தில் ஏற முடியாது. என் பொருளை மட்டும் பணயம் வைத்தால் மீமாம்சகர் வழி போதும். அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது. பிளகின் உலகில் ஓர் எடுத்துக்காட்டு: 2017இல் ‘டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்’ என்ற பிளகின் சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. அதை எழுதியவர்கள் 15,000 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர் அடுத்தடுத்த அப்டேட்டுகளில் கள்ளவழி வைத்தார். பெயர் அதேதான், நட்சத்திர மதிப்பெண்ணும் அதேதான், பிடி மட்டும் வேறு கையில். வேர்ட்பிரஸ் களஞ்சியத்தில் பிளகினை முதன்முறை சேர்க்கும்போதுதான் ஆட்கள் படித்துப் பார்த்தார்கள். அதன்பின் வந்த அப்டேட்டுகளுக்கு அந்தச் சோதனை இல்லை. உள்ளே விட்ட நாளில் கொடுத்த நம்பிக்கையை யாரும் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை.

மீமாம்சகர் உடனே மறுப்பார்: ஒவ்வொன்றையும் இன்னொன்றால் சோதிக்க வேண்டுமென்றால் அந்த இன்னொன்றைச் சோதிப்பது எது? முடிவே இராது. இது வெறும் வாதத் திறமை அல்ல. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், 1984இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் இதையே காட்டினார். நிரலை வரிவரியாகப் படித்துச் சுத்தம் என்று சொன்னாலும், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ரகசியமாக ஒரு கதவை வைத்துவிட முடியும். அப்படியானால் விடுதிக்காரர் எதைச் சோதிப்பது? நியாய மரபின் பதில் இங்கே கைகொடுக்கிறது. எல்லாவற்றையும் எப்போதும் சோதிக்கச் சொல்லவில்லை. ஐயம் எழுந்த இடத்தில், செயலின் பலனை வைத்துச் சோதிக்கவே சொன்னார்கள். 2024 மார்ச்சில் நடந்தது அதுதான். லினக்ஸில் பரவலாக உள்ள ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்கும் கருவியில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல வேலை செய்து பொறுப்புக்கு வந்து, கள்ளவழியை நுழைத்திருந்தார். நிரலைப் படித்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். அந்த அரை நொடியை அலட்சியம் செய்யாததே தற்காப்பாக இருந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இப்படிச் சந்தேகத்தை வளர்த்தால், காசு வாங்காமல் நிரல் எழுதித் தரும் நல்லவர்கள் எல்லாரும் குற்றவாளிகளாகிவிட மாட்டார்களா? புதுச்சேரியின் சரித்திரமே அதற்குச் சாட்சி. தமிழ் தெரியாத பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டு வணிகம் முழுவதையும் உள்ளூர்த் தரகர்கள் வழியாகத்தான் நடத்தியது. தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளையை 1716இல் கவர்னர் எபேர் கலகக் குற்றம் சாட்டிச் சிறையிட்டார், கசையடியும் கொடுத்தார். சாட்சிகள் தமிழில் சொன்னது அவர்களால் படிக்க முடியாத பிரெஞ்சில் எழுதப்பட்டது. அந்தப் பதவியில் ஓர் இந்து இருப்பதை இயேசு சபையினர் விரும்பாததும் பின்னணியில் இருந்தது. அடுத்த ஆண்டே நைனியப்பர் சிறையில் இறந்தார். பிறகு அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டு, மகன் குருவப்பாவே 1722இல் அந்தப் பதவிக்கு வந்தார். ஆனால் இந்த வழக்கு என் வாதத்தை மறுக்கவில்லை. சான்றில்லாத சந்தேகமும் சான்றில்லாத நம்பிக்கைதான். எபேர் சோதித்தது நைனியப்பரின் மதத்தை, வாத்ஸ்யாயனர் அளவுகோலில் இல்லாத ஒன்றை. 2024இல் ‘பாலிஃபில்’ என்ற நிரல் சேவையின் இணைய முகவரி ஒரு சீன நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்கு நச்சு நிரல் போனபோது, பலர் பார்த்தது நாட்டை. பார்த்திருக்க வேண்டியது கைமாற்றத்தை. பாலிஃபிலை முதலில் எழுதியவர், விற்பனை தெரிந்தவுடனேயே அதை எடுத்துவிடுங்கள் என்று எச்சரித்திருந்தார். பொருளை அறிந்தவர், அறிந்தபடி சொன்னார், பலர் கேட்கவில்லை.

பயந்து அப்டேட்டை நிறுத்திவிடுவது தீர்வு அல்ல. தெரிந்த பழைய ஓட்டைகள் வழியாக நுழைவதுதான் திருடர்களுக்கு எளிது. செய்யக்கூடியவை சிறியவை. பிளகினை இப்போது பராமரிப்பவர் யார், கடைசியாக எப்போது திருத்தினார், கைமாறியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது. தளத்துக்குத் தேவைப்படாத தரவைச் சேர்க்காமலே இருப்பது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொறுப்பைத் தரவு திரட்டியவர் மீதே வைக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். தளம் வைத்திருப்பவர்கள் பிளகின் பட்டியலை ஒருமுறை திறந்து, பயன்படுத்தாதவற்றை அழித்துவிடுங்கள். ஆஃப் செய்து வைத்தால் போதாது. அவற்றின் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும், அந்த வழியாகவும் உள்ளே வரலாம்.