உள் தாள்

“அந்த உள் தாளை இப்படிக் கொடுங்க தம்பி.”

புதுச்சேரியை ஒட்டிய எங்கள் கோட்டக்குப்பத்தில் அஞ்சுமன் நூலகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்த நாலாவது நாள், ஒரு பெரியவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது. ஊர்க்காரர்களுக்கு அந்த நூலகத்தை விளக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் சங்கமாகக் கூடி ஆரம்பித்தது, நூறு வயதை ஒட்டி நிற்கிறது. அஞ்சுமன் என்ற பாரசீகச் சொல்லுக்கே கூட்டம், கூடுகை என்றுதான் பொருள். அங்கே செய்தித்தாளை யாரும் முழுசாகக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. வந்த ஐந்தாவது நிமிடத்தில் அது தாள் தாளாகப் பிரிந்துவிடும். முதல் பக்கம் ஒருவரிடம், விளையாட்டு இன்னொருவரிடம், நடுவில் இருக்கும் உள் தாள் யாரோ ஒருவரின் முழங்கைக்கு அடியில். அன்றைக்கு அந்த முழங்கை என்னுடையது. படிக்கவில்லை, சும்மா அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது ஐப்பசி. அப்பா சித்திரையில் போனார். சாவு வீட்டில் வேலை அதிகம். பந்தல்காரருக்குப் பணம், பதினாறாம் நாள் காரியம், சான்றிதழுக்கு அலைச்சல், பென்ஷன் தாள்கள். அப்போதெல்லாம் நான் நன்றாகத்தான் இருந்தேன். எல்லாம் முடிந்து, துக்கம் கேட்க வருகிறவர்களும் நின்று, வீட்டில் அவர் நாற்காலியைக்கூட இடம் மாற்றிப் போட்ட பிறகு ஒருநாள் காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. ஆறு மாதம் கழித்து வருகிற துக்கத்துக்கு நம் ஊரில் சடங்கு எதுவும் கிடையாது. கேட்டால் சொல்ல ஒரு காரணமும் இருக்காது. “இன்னா, உடம்பு சரியில்லையா?” என்பார்கள். “ஆமாம்” என்று சொல்லிவிடுவது சுலபம்.

என் பிழைப்பு அச்சுப் பிழை திருத்துவது. புதுச்சேரி அச்சகங்களுக்கும் சென்னைப் பதிப்பகங்கள் இரண்டொன்றுக்கும் வீட்டிலிருந்தே பார்த்துக் கொடுக்கிறேன். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதனால் சொல்கிறேன்: மனசு சரியில்லையா, புத்தகம் படி, லேசாகும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நானும் நாலு பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டால்கூடத் தப்பில்லை. மனசு கீழே போகும்போது முதலில் போவதே படிப்புதான். கண் வரியின் மேல் ஓடும், உள்ளே ஒன்றும் இறங்காது. ஒரே பத்தியை நாலு தடவை படித்து, நாலாவது தடவையும் அது எதைப் பற்றியது என்று தெரியாமல் முழித்திருக்கிறேன். அந்த மாதம் நான் திருத்திக் கொடுத்த ஒரு புத்தகம் எத்தனை பிழையோடு வெளிவந்தது என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அப்பா படித்துக்கொண்டிருந்தது ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக இருந்தவர் 1736இல் எழுதத் தொடங்கி, இருபத்தைந்து வருஷத்துக்கு ஊர் நடப்பைக் குறித்து வைத்தது. அதை முழுக்க முடித்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே குறைவு. பிரபஞ்சன் அதிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்களை எடுத்தார். பலர் அந்த வாசலோடு திரும்பிவிடுவார்கள். அப்பா பிடிவாதக்காரர், தொகுதி தொகுதியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு தொகுதியின் நடுவில் பேருந்துச் சீட்டு ஒன்று செருகியிருந்தது. மெஷினில் அடித்துக் கொடுக்கிற சீட்டு, மை நிற்காது. எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பதெல்லாம் வெளிறிப்போய், வெறும் வெள்ளைத்தாளில் ஒரு ஓரத்தில் ஊதா நிழல் மட்டும் மிச்சம். அந்தப் பக்கத்தைத் திறப்பேன், சீட்டைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். அதைத் தாண்டிய பக்கங்கள் அவர் படிக்காதவை. அங்கே எனக்கு வேலையில்லை என்று தோன்றும்.

நூலகத்துக்குப் போனதுகூடப் படிக்க அல்ல. வீட்டில் என்னைப் பார்த்து எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், அது தாங்கவில்லை. நூலகத்தில் எல்லாரும் எல்லாருக்காகவும் குரலைத் தாழ்த்துகிறார்கள். அதில் நான் தனியாகத் தெரிய மாட்டேன்.

உள் தாளைக் கேட்ட பாய்க்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். குவைத்தில் பதினெட்டு வருஷம் ஒரு கம்பெனி கிடங்கில் வேலை பார்த்தவர். இந்த ஊரில் பாதி வீட்டின் செங்கல் வளைகுடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பணம். மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் வந்திருந்த மீன் விலையைப் பற்றி ஏதோ சொன்னார். அதற்கு அடுத்த நாள் வெளியே டீ குடிக்கக் கூப்பிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. தண்ணி வடியாத தெருவைப் பற்றியும், தந்திராயன்குப்பத்துப் பக்கம் கடல் தின்றுகொண்டிருக்கிற கரையைப் பற்றியும், கல் கொட்டினால் நிற்குமா நிற்காதா என்பதைப் பற்றியும் பேசினோம். நிற்காது என்பது அவர் கட்சி. இங்கே போட்ட கல் அந்தப் பக்கத்து மணலைத் தின்றுவிடும், ஒரு குப்பத்தைக் காப்பாற்றினால் அடுத்த குப்பம் போகும் என்றார். எனக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவேயில்லை.

அவர் சொன்ன ஒரு கதையை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வளைகுடா போனவர்களுக்குத் தெரியும், வீட்டிலிருந்து கடிதத்தோடு கேசட்டும் வரும். எழுதத் தெரியாத அம்மாக்கள் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். பாயின் அம்மாவும் அனுப்புவார். “நான் நல்லா இருக்கேன், நீ ஒடம்பப் பாத்துக்கன்னு ஆரம்பிக்கும். அதை நான் நம்பினதே இல்ல தம்பி. எல்லா அம்மாவும் அதத்தான் சொல்லும். ஆனா அதுக்கப்புறம் கோழி கத உண்டு. எந்தக் கோழி அடையில இருக்கு, எத்தன குஞ்சு பொரிச்சுது, பக்கத்து வூட்டு பூனை எதத் தூக்கிட்டுப் போச்சு. அத நம்புவேன். கோழி கத சொல்ற அளவுக்கு அம்மா இருக்குன்னா, நல்லாத்தான் இருக்கு.” ஒரு கேசட்டில் பேச்சுக்குப் பின்னால் பள்ளிவாசல் பாங்கு விழுந்திருந்ததாம். அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டு, டேப் அங்கேயே தேய்ந்து, கடைசியில் பாங்கும் கேட்காமல் வெறும் இரைச்சலாகிவிட்டது. “அந்த இரைச்சலையும் கொஞ்ச நாள் கேட்டேன்” என்றார்.

ஆறுதல் என்கிற சொல்லைப் பிழை திருத்துகிறவன் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனசும் ஆறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வினை. டீக்கடைக்காரர் உயரத் தூக்கி ஊற்றுகிறாரே, அதுவும் ஆற்றுவதுதான். “என்ன, டீ ஆத்திக்கிட்டு இருக்கியா?” என்று நாம் சும்மா இருப்பவனைக் கேலி செய்கிறோம். அந்தக் கேலி கொஞ்சம் அவசரப்பட்டதோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953இல், சாகத் துணிந்தவர்கள் போன் செய்து பேச ஒரு ஏற்பாடு செய்தார். நேரிலும் வந்தார்கள். காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துக் கூட உட்கார்ந்திருக்கச் சிலரை வைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார்: டீ கொடுக்கிறவர்களிடம் பேசிவிட்டுப் பலர், பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லை என்று எழுந்து போய்விடுகிறார்கள். சமாரிட்டன்ஸ் என்ற அந்த அமைப்பின் வேலை முறையே அதன் பிறகு அந்த டீக்காரர்களின் கைக்குப் போயிற்று. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகாவும் இப்படிக் காது கொடுக்கிற தன்னார்வலர்களை வைத்து நடப்பதுதான்.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து வாசலில் மரப் பெஞ்சு போட்டு, மனசு சரியில்லாமல் வருகிறவர்களோடு பேச உட்காரவைத்தார். அங்கே ஷோனா மொழியில் இந்த நோவுக்குப் பெயர் குஃபுங்கிசிசா. அளவுக்கு மேல் யோசிக்கிறது என்று அர்த்தம். படித்ததும் சிரித்துவிட்டேன். “ரொம்ப யோசிக்காதப்பா” என்று என் அத்தை சொல்வது அப்படியே அந்தச் சொல்.

இது எல்லாருக்கும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. தூக்கம் அறவே போய், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற நினைப்பு வந்தால் டீயையும் புத்தகத்தையும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். ராத்திரியென்றால் 14416க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். என்னுடையது அந்த அளவுக்குப் போகவில்லை. அது என் சாமர்த்தியமும் இல்லை.

நானும் பாயும் போகிற டீக்கடையிலிருந்து புதுச்சேரியின் முத்தியால்பேட்டை பக்கம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அது பிரெஞ்சு மண், கோட்டக்குப்பம் பிரிட்டிஷ் மண். பாரதி 1908இல் புதுச்சேரி வந்து பத்து வருஷம் இருந்தபோது, நாங்கள் டீ குடிக்கிற இந்தப் பக்கம் அவர் கால் வைத்தால் கைதுதான். அப்படியே 1918 நவம்பரில் தெற்கே எல்லை தாண்டியதும் கடலூர்ச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய ‘இந்தியா’ பத்திரிகை 1910லேயே நின்றுபோயிற்று, வீட்டைச் சுற்றி உளவாளிகள், கையில் காசில்லை. ஆனாலும் புதுச்சேரியில் அவருக்குச் சாயங்காலங்கள் இருந்தன. அதே 1910இல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயரும் வந்தார். அரவிந்தரும் பாரதியும் சேர்ந்து வேதம் படித்தார்கள். பாரதி துணையிருக்க அரவிந்தர் தமிழ் படித்தார். ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்தில் போட்டு ‘ஆர்யா’ பத்திரிகையில் வெளியிட்டார். தலைக்கு மேல் வாரண்டு தொங்குகிற ஒருவர், வழக்குகளிலிருந்து தப்பி வந்த இன்னொருவர், நடுவில் திறந்தபடி ஆண்டாள். தங்கள் கஷ்டத்தைத்தான் அவர்கள் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பேசாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் ஆண்டாள் பாட்டில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அரவிந்தர் கேட்டு, பாரதி வாய் ஓயாமல் விளக்குகிற அந்த அரை மணி நேரத்தில் இரண்டு பேர் மனசிலும் உளவாளி இருந்திருக்க மாட்டான். நான் அப்படித்தான் கற்பனை செய்துகொள்கிறேன்.

கார்த்திகையில் ஒரு வேலையாகச் சென்னை போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டும்போது இரண்டு பக்கமும் உப்பளம் முழுகிக் கிடந்தது. கோடையில் கண்ணைக் கூசவைக்கிற பாத்திகள் ஒரே ஏரியாகி, வரப்பு எது என்றே தெரியவில்லை. மேட்டில் மட்டும் போன பருவத்து உப்பு, கீற்றுப் போட்டு மூடிய குவியல்களாக, கூரை மட்டும் இருக்கிற குடிசைகளைப் போல வரிசையாக நின்றது. தை பிறந்து வெயில் ஏறும்வரை அங்கே யாருக்கும் வேலை இல்லை. சாலையோர டீக்கடையில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பையில் அப்பாவின் புத்தகம் இருந்தது. எதற்காக எடுத்து வைத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. பேருந்துச் சீட்டு இருக்கிற பக்கத்தைத் திறந்து, சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் படித்தேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கப்பல் வந்த செய்தி, பீரங்கி போட்டார்கள், யார் யாரைப் பார்க்கப் போனார்கள் என்ற விவரம். அதற்கு அடுத்த பக்கமும் கிட்டத்தட்ட அதே. மாமல்லபுரம் வரும்வரை படித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஒருவருக்கு என் அப்பாவைத் தெரியாது, என்னைத் தெரியாது. அவருக்குக் கப்பல்தான் கவலை. அவருடைய கவலையை நான் ஒரு மணி நேரம் பட்டேன். 1761 ஜனவரி 12இல் அவர் இறந்தார், நாலு நாளில் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிற்று. அந்தக் கடைசித் தொகுதி வீட்டில் இருக்கிறது. இன்னும் அதற்குப் போகவில்லை.

திரும்பி வந்து பாயிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நூலகத்தில் வழக்கமான இடத்தில் இருந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்கருகே பிடித்துக்கொண்டு. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்: “பாய், சித்திரையில எங்க அப்பா தவறிட்டாரு. உங்ககிட்ட சொன்னதே இல்ல.”

“தெரியும் தம்பி” என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீங்க மொத நாள் வந்து ஒக்காந்தீங்களே, அன்னிக்கே தெரியும். ஒங்க தெருவுலதான் எம் பொண்ண குடுத்திருக்கு.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். மேலே காற்றாடி கடகடவென்று சுற்றியது. அப்புறம் என் முழங்கையைப் பார்த்தார்.

“அந்த வெளையாட்டுப் பக்கம் ஒங்ககிட்டதான இருக்கு?”