ஒப்புரவு என்னும் கடன்

ஒப்புரவு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாவசங்கீர்த்தனத் தொட்டியே. ஆனால் திருச்சபை அவ்வருட்சாதனத்துக்கு இப்பெயரைச் சூட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்றோர் அதிகாரம் வகுத்தார். அங்கே அச்சொல் மன்னிப்பைக் குறிக்கவில்லை. கைம்மாறு கருதாமல் உலகுக்குத் தரவேண்டியதைத் தரும் கடப்பாட்டைக் குறித்தது. கனடாவின் பல்கலைக்கழகங்கள் அந்நாட்டுப் பூர்வகுடி மக்களோடு ஒப்புரவாக முயலும் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், இவ்விரண்டு பொருள்களும் என் மனத்தில் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன.

அந்நாட்டில் 1880கள் முதல் 1990களின் பிற்பகுதி வரை, அரசின் பணத்தில் கிறிஸ்தவ சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் அடைக்கப்பட்டனர். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர், தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர், பலர் உடலாலும் மனத்தாலும் சிதைக்கப்பட்டனர். வீடு திரும்பாமலே மாண்டோர் பட்டியலில் இதுவரை 4,000க்கும் மேற்பட்ட பெயர்கள் ஏறியுள்ளன. அப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை கத்தோலிக்கரால் நடத்தப்பட்டவை என்பதை நாம் மறைக்கலாகாது. அவற்றுள் பெரும்பாலானவற்றை ஏற்று நடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள். யாழ்ப்பாணத்து வாசகர்கள் அச்சபையை நன்றியோடு அறிவார்கள். அதனாலேயே இச்செய்தி நம்மைச் சுடுகிறது. அச்சபையார் 1991இலேயே லாக் செயின்ட் ஆன் யாத்திரைத் தலத்தில் மன்னிப்புக் கேட்டனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் மஸ்குவாச்சிஸ் சென்று மன்னிப்பு வேண்டினார்.

பல்கலைக்கழகங்கள் அப்பள்ளிகளை நடத்தவில்லையே, அவை எதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும்? 2011 அக்டோபரில் ஹாலிஃபாக்ஸ் நகரில், உண்மைக்கும் ஒப்புரவுக்குமான ஆணையத்தின் முன் மானிட்டோபா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் பர்னார்ட் இவ்வினாவுக்கு விடை சொன்னார். அப்பள்ளிகளின் ஆசிரியர்களையும் குருக்களையும், அவற்றுக்கு ஆணையிட்ட அதிகாரிகளையும் கற்பித்து அனுப்பியவை தம்மைப் போன்ற நிறுவனங்களே. கட்டாயமாக இனத்தைக் கரைக்கும் அக்கொள்கையைக் கேள்வி கேட்காதிருந்தது தம் குற்றமே என்றார். அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவ்வாறு மன்னிப்புக் கேட்டது அதுவே முதன்முறை. திருப்பலியின் தொடக்கத்தில் நாமும் கடமை தவறியதைப் பாவமென்றே அறிக்கையிடுகிறோம். ஆகவே இவ்வகை அறிக்கை நமக்கு விளங்காததன்று.

ஆயினும் கல்வி உலகின் குற்றம் மௌனத்தோடு நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. 1948 முதல் 1952 வரை ஆறு உறைவிடப் பள்ளிகளில் அரசின் ஊட்டச்சத்து வல்லுநர்கள் ஆய்வு நடத்தினர். பிள்ளைகள் பசியால் வாடுவதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்தும் ஒரு பள்ளியில் பாலின் அளவை ஈராண்டுகள் வேண்டுமென்றே குறைவாகவே வைத்திருந்தனர். சில இடங்களில் பற்சிகிச்சையையும் நிறுத்தினர். ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் வேண்டுமாம்! இதனை 2013இல் வெளிக்கொணர்ந்தவரும் ஒரு பல்கலைக்கழக வரலாற்றாய்வாளரே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கனடாவின் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பூர்வகுடியினர் ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றால் அந்நொடியே சட்டத்தின் கண்ணில் பூர்வகுடியினர் அல்லாதவராகிவிடுவார். குருப்பட்டம் பெற்றாலும் அதே கதி. சில ஆண்டுகளில் இவ்விதி தளர்த்தப்பட்டது. என்றாலும், கல்லூரியின் வாசலிலும் பலிபீடத்தின் படியிலும் ஒரு மனிதன் தன் மக்களைக் கழற்றி வைத்துவிட்டு நுழையவேண்டும் என்று ஒருகாலத்தில் எழுதி வைத்திருந்தார்கள் என்பதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நீதிபதி மரே சிங்ளேர் தலைமையிலான ஆணையம் 2015இல் விடுத்த 94 அழைப்புகளில் பல, கல்வி நிலையங்களை நோக்கியவை. சட்டமும் மருத்துவமும் பயில்வோர் இவ்வரலாற்றைக் கற்கவேண்டும். பூர்வகுடி மொழிகளில் பட்டப்படிப்பு வேண்டும் என்பன அவற்றுட் சில. 2016 முதல் வின்னிபெக் பல்கலைக்கழகமும் லேக்ஹெட் பல்கலைக்கழகமும் இளநிலை மாணவர் அனைவருக்கும் பூர்வகுடியினரைப் பற்றிய ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கின. கட்டாயப் பாடத்தால் மனத்துயர் பிறக்குமா என்று கேட்போர் உண்டு. பிறக்காதுதான். ஆனால் நாளை நீதிபதியாகவோ மருத்துவராகவோ அமரப்போகிறவர் அறியாமலிருக்க உரிமை உண்டா? கூட்டந்தோறும் இது இன்னாருடைய நிலம் என்று அறிக்கை வாசிக்கும் வழக்கத்தைப் பற்றி அவ்வளவு நம்பிக்கையோடு பேச என்னால் இயலவில்லை. தொட்டியிலிருந்து எழுந்து வாசலை அடைவதற்குள் மூன்று அருள்நிறை மரியே சொல்லி முடிக்கும் நம் வேகம் நினைவுக்கு வருகிறது.

உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. ஆணையம் திரட்டிய ஏறத்தாழ 7,000 சாட்சியங்கள் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் 2015 நவம்பரில் திறக்கப்பட்ட தேசிய மையத்தில் உள்ளன. அவற்றுக்குப் புறம்பாக, இழப்பீடு கோரிய சுமார் 38,000 பேர் தாம் அனுபவித்த கொடுமைகளை இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியின் பேரில் கூறினர். அந்த ஏடுகளை என் செய்வது? வரலாறு அழியக்கூடாது, காப்பகத்தில் வைப்போம் என்று மையம் வழக்காடியது. 2017இல் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. 15 ஆண்டுகள் அவை காக்கப்படும், சொன்னவரே இசைந்தால் மட்டும் மையத்துக்குச் செல்லும், இசையாதவை அழிக்கப்படும்.

முதலில் இத்தீர்ப்பு என்னை வருத்தியது. நடந்ததையே மறுப்போர் இருக்கும் நாளில் சான்றை அழிப்பதா என்று நினைத்தேன். பின்னர் பாவசங்கீர்த்தன முத்திரையை எண்ணிப் பார்த்தேன். ஒருவர் நம்பிச் சொன்ன சொல், எவ்வளவு நல்ல நோக்கத்துக்கானாலும், கேட்டவருடைய உடைமையாகிவிடாது. பெயரும் மொழியும் தலைமுடியும்கூடக் கேளாமலே பறிக்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். அவர்களுடைய துயரக் கதையையும் கேளாமலே எடுத்துக்கொண்டால், எடுத்துக்கொண்டது அறிவுக்காக என்று சொல்வது பழைய வழக்கம்தான். பாலைக் குறைத்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். தேடுவதும் திரட்டுவதுமே தொழிலாக உள்ள பல்கலைக்கழகத்துக்கு, கையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிடக் கடினமான பரிகாரம் இராது. வள்ளுவர் சொன்ன ஒப்புரவு இங்கேதான் வருகிறது என்று எண்ணுகிறேன்.

அந்த 15 ஆண்டுகளின் எல்லை 2027 செப்டம்பர். ஆம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவேண்டியவர்களில் பலர் முதியோர். எதுவும் சொல்லாமலே சிலர் கண்மூடிவிட்டார்கள்.