காலி வரிசைகள்

1

ஆட்டம் நடக்கிறபோது மைதானத்து வரிசைகள் காலியாகக் கிடப்பது பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று வியாபாரியின் பேச்சு. கூட்டம் வரவில்லை என்றால் சரக்கு சரியில்லை, ஜனங்கள் வராமலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்பது அது. மற்றது உபதேசியின் பேச்சு. ஊருக்கு ரசனை போதாது, சினிமாவுக்கு முண்டியடிக்கிறவர்கள் இங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்ற அங்கலாய்ப்பு. இந்த இரண்டாவது பேச்சு சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு மிகவும் பழகியது. நம் சந்தாதாரர் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் பேசிவந்திருக்கிறோம்.

எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம். பார்க்கிறவன் ஆட்டத்துக்கு வெளியே நிற்கிறவன் என்பது. வியாபாரிக்கு அவன் வாடிக்கைக்காரன். உபதேசிக்கு அவன் பாடம் ஏறாத மாணவன். பார்ப்பது என்பது என்ன காரியம், அதில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வியை இருவரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்பதற்குக் கோவையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2019 மார்ச் 9 சனிக்கிழமை, நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி என்ற கால்பந்து அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்ற கணக்கில் தோற்கடித்து ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பின்தங்கியது கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். நூறாண்டுப் பழமையும் லட்சக்கணக்கான ஆதரவாளர்களும் கொண்ட கிளப். சென்னை சிட்டியின் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். முன்கள வீரர் பெட்ரோ மான்ஸி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்களும் அணியில் இருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாஸெல் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. சரக்கு சரியில்லை என்று வியாபாரி சொல்ல முடியாது. பட்டம் தீர்மானமாகும் நாளில் ஜனங்களும் வந்தார்கள். ஆனால் பருவத்தின் சாதாரண நாட்களில் அந்தப் பெரிய வட்டத்தில் காலியாகக் கிடந்த சிமெண்ட் படிகளே அதிகம். இரண்டு வருஷம் கழித்து, 2021-22 பருவத்தில், ஐ-லீக் அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை.

2

முதலில் பெயரைக் கவனிக்க வேண்டும். சென்னை சிட்டி. 2017-18 பருவத்தில் ஐ-லீகும் ஐ.எஸ்.எல்லும் ஒரே காலத்தில் நடந்தன. சென்னையின் பெரிய மைதானத்தில் ஐ.எஸ்.எல். அணி இருந்தது. இந்த அணி கோவைக்கு வந்தது, பெயரை மாற்றிக்கொள்ளாமல். ‘இது எந்த ஊர் டீமுங்க?’ என்று கேட்கிறவனுக்கு நேரான பதில் கிடையாது. சட்டப்படி இது சொந்த மைதானம்; அட்டவணையில் அப்படித்தான் அச்சாகும். ஆனால் சொந்தம் என்ற சொல் நம் பாஷையில் உறவையும் குறிக்கும், உடைமையையும் குறிக்கும். இந்த அணிக்குக் கோவையோடு இருந்தது குடித்தனக்காரனுக்கு வீட்டோடு இருக்கும் சம்பந்தம். வாடகை ஒழுங்காகக் கொடுப்பவன் நல்லவனாக இருக்கலாம். அவன் வீட்டு விசேஷத்துக்குத் தெரு முழுவதும் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது வேறு விஷயம்.

ஆக, பார்க்கவேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. இதில் தயக்கத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். ஒரு திறமை நம் ஊரில் நடமாடுகிறது என்பதனாலேயே அதற்கு நம் சனிக்கிழமை சாயங்காலத்தைக் கொடுத்தாக வேண்டும் என்றாகிவிடாது. கொடுக்காதவனைக் குற்றவாளி ஆக்கினால், பிறகு வருகிறவனும் அபராதம் கட்ட வருகிறவன்தான்.

கூட்டம் வந்துவிட்டால் மட்டும் எதுவும் நிரூபணமாகிவிடுவதில்லை. 2025 ஜனவரி 30 அன்று டெல்லியில் ரயில்வேஸ் அணிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் விராட் கோலி ஆடினார். சாதாரணமாக ரஞ்சி ஆட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆள் வரும். அன்று ஆயிரக்கணக்கானவர்கள் வாசலில் நெரிசல்பட்டார்கள். மறுநாள் அவர் 6 ரன்னில் போல்டானதும் வரிசைகள் கலைந்துவிட்டன. ஸ்டம்பைச் சாய்த்தது ஹிமான்ஷு சங்வான் என்ற பந்துவீச்சாளரின் நல்ல பந்து. அந்தப் பந்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கோலி அவுட் ஆனதை எல்லோரும் பார்த்தார்கள். அந்த மைதானம் நிரம்பியிருந்தபோதும் ஆட்டத்தைப் பொறுத்தவரை காலியாகவே இருந்தது. தலையெண்ணிக்கையைக் கொண்டு பார்வையை அளக்க முடியாது.

3

அப்படியானால் காலி வரிசையால் நஷ்டம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. அது கிளப் முதலாளியின் நஷ்டத்தோடு முடிவதில்லை.

2020 மே 16 அன்று, கொள்ளைநோயின் நடுவே, ஜெர்மன் லீக் பார்வையாளர்கள் இல்லாமல் மறுபடி தொடங்கியது. மன்ஷென்கிளாட்பாக் அணி ஆதரவாளர்களின் உருவங்களை அட்டையில் அச்சடித்து வரிசைகளில் நட்டுவைத்தது. அதற்குக் காசு கொடுத்தவர்களும் ஆதரவாளர்களே. அதே ஆண்டு ஐ.பி.எல். பாலைவன நாட்டில் ஆள் இல்லாமல் நடந்தபோது, டெலிவிஷனில் பழைய ஆரவாரத்தைப் பதிவிலிருந்து எடுத்து ஒலிபரப்பினார்கள். அட்டை மனிதர்களுக்கும் பதிவான ஆரவாரத்துக்கும் கீழே ஆட்டம் நடக்கத்தான் செய்தது. ஆனால் அதே ஆட்டமாக இல்லை. ஜெர்மனியில் சொந்த மைதானத்து அணிகள் வழக்கமாக வெல்லும் அளவுக்கு வெல்லவில்லை. வெளியூர் அணிக்கு நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டுவதும் குறைந்தது. நடுவுநிலைமை என்று நாம் நம்பியிருந்ததிலும் கூட்டத்தின் குரல் கலந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அது நியாயமா என்பது தனிக் கேள்வி. பார்க்கிறவன் வெளியே நிற்கவில்லை என்பது மட்டும் உறுதியாயிற்று. அவன் இருப்பு ஆட்டத்துக்குள் செல்லுபடியாகிறது.

கொங்கு நாட்டுக்கு இது புதிய விஷயமாக இருந்திருக்கக் கூடாது. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும் இரவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். (1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் பதிவு செய்தது இந்தக் கதையைத்தான்.) படுகளம் வரும்போது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் அருள் வந்து விழுகிறார்கள், செத்தவர்களாகக் கிடக்கிறார்கள், பிறகு எழுப்பப்படுகிறார்கள். அங்கே கேட்கிறவர்கள் இல்லாவிட்டால் படுகளமே இல்லை. ரேக்ளாப் பந்தயத்தில் பாதையோரம் நிற்கிறவனுக்கும் ஓடுகிற காளை எந்தத் தோட்டத்தில் வளர்ந்தது, யார் பழக்கினார்கள் என்று தெரியும். அடுத்த வருஷம் அவன் காளையே ஓடலாம். பார்ப்பதற்கும் பங்குகொள்வதற்கும் நடுவில் வேலி கிடையாது.

இந்த இடத்தில் ‘நம் மண்ணின் கலைகள் உயிருள்ளவை, ஸ்டேடியம் அந்நியம்’ என்று முடித்துக்கொள்வது சுலபம். அந்தச் சுலபத்தைச் சந்தேகிக்க வேண்டும். அந்த இரவிலும் பந்தயத்திலும் யார் எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம், யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது நெடுங்காலம் பிறப்பாலேயே தீர்மானமாகியிருந்தது. அந்தப் பங்குரிமை உறவுமுறைக்குள் கிடைத்த பங்குரிமை. ஸ்டேடியத்துக் காங்கிரீட் படிக்கு அந்த ஞாபகம் கிடையாது. டிக்கெட் வாங்கிய எவனும் டிக்கெட் வாங்கிய எவன் பக்கத்திலும் உட்காரலாம். பணம் வரிசைகளைப் பிரிக்கிறது, வாஸ்தவம். ஆனால் அது குலம் கேட்பதில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே கோலுக்காக ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை இருக்கின்றன? கல்யாண மண்டபம் அப்படி இல்லை. கோயில் சமீபகாலம் வரை அப்படி இல்லை. அந்நியன் அந்நியனாக இருந்தபடியே நமக்கு வேண்டியவனாவது ஒரு நவீன அனுபவம். வரிசைகள் காலியாகக் கிடந்தபோது கோவை இழந்தது இந்த அனுபவத்துக்கான ஒரு வாய்ப்பை.

4

ஏன் அந்த வாய்ப்பு இங்கே வேர்விடவில்லை? கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிறோம். 1888இல் ஸ்டேன்ஸ் மில், பிறகு பைக்காரா மின்சாரம் வந்த 1930களில் வரிசையாக மில்கள். மான்செஸ்டரின் பெயரை வாங்கிக்கொண்ட நாம் அந்த வட்டாரம் தன் சனிக்கிழமைகளை என்ன செய்தது என்று பார்க்கவில்லை. லங்காஷயர், யார்க்ஷயர் மில் ஊர்களில் ரக்பி ஆடியவர்கள் தொழிலாளர்கள். ஆட்டத்துக்காக வேலையை விட்டால் கூலி போயிற்று. இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று அந்த ஊர்க் கிளப்புகள் கேட்டன. தெற்கத்திக் கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்துபோனார்கள். அப்படிப் பிறந்ததுதான் ரக்பி லீக். ஒரு நாள் கூலியின் கணக்கிலிருந்து பிறந்த ஆட்டம். அதனால் அது அந்தத் தெருக்களுக்குச் சொந்தம். 1954 மே மாதம் பிராட்ஃபோர்டின் ஆட்சல் மைதானத்தில் ஹாலிஃபாக்ஸ், வாரிங்டன் அணிகளின் மறு இறுதியாட்டத்துக்குக் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 1,02,569 பேர்.

கோவை மில் தொழிலாளியும் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் போராடியவன்தான், உயிரையும் கொடுத்தவன். ஆனால் அவன் சங்கம் கேட்ட உரிமைகளின் கணக்கில் ஆட்டம் சேரவில்லை. ஷிப்ட் சங்கு ஊதியபின் அவன் போன இடம் கொட்டகை. சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் கட்டியது 1914இல். பிறகு சென்ட்ரல், பட்சிராஜா என்று ஸ்டூடியோக்களே இந்த ஊரில் இருந்தன. இந்நகரம் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கக் கற்றது இருட்டில். கொட்டகையிலும் அந்நியர்கள் அருகருகே உட்கார்ந்தார்கள். அது பெரிய காரியமே. ஆனால் விசிலடித்தாலும் கற்பூரம் காட்டினாலும் திரையில் இருப்பவன் ஒரு அங்குலம் நகரமாட்டான். தன் பார்வைக்குப் பலன் உண்டு என்பதை அங்கே யாரும் கற்றுக்கொள்ள முடியாது. பலனில்லாத பார்வைக்குப் பழகியவனை வெயிலில் உட்கார்ந்து ஒரு சமநிலை ஆட்டத்தைப் பார் என்றால் அவன் ஏன் வரவேண்டும்?

இதற்கு எதிரான சாட்சி ஒன்று உண்டு. 2017 ஜனவரியில் இதே நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய வ.உ.சி. பூங்கா மைதானத்தில் ஜல்லிக்கட்டுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காளை கிடையாது. பலர் வாடிவாசலை நேரில் கண்டதும் இல்லை. ஆனாலும் பறிக்கப்படுவது தன்னுடையது என்று நினைத்தார்கள். அதே வருஷத்தின் பின்பகுதியில் தொடங்கிய பருவத்தில்தான் பக்கத்து மைதானத்தில் வரிசைகள் காலியாகக் கிடந்தன. ஆக, இந்த ஊருக்குக் கூடத் தெரியாமல் இல்லை. ஆனால் பறிபோகிறதே என்ற ஆத்திரம் கூட்டும் கூட்டம் ஒரு வாரத்தில் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. எதுவும் பறிபோகாத ஒரு சாதாரண சனிக்கிழமையில், எட்டாவது இடத்தில் இருக்கும் அணிக்காக வந்து உட்காருவதற்கு வேறு ஒரு மனம் வேண்டும். அது நாளாவட்டத்தில் சேர்வது. ஹடர்ஸ்ஃபீல்டிலேயே மில்கள் போனபின் அந்த மனம் தேய்கிறது. சமீப ஆண்டுகளில் 24,000 பேர் அமரும் மைதானத்தில் நாலில் ஒரு பங்கு நிறைவதே அரிதாகிவிட்டது. தெருவின் வாழ்க்கையிலிருந்து பிறந்த சொந்தம், அந்த வாழ்க்கை கலைந்தபின் பழக்கமாக மட்டும் எத்தனை காலம் நிற்கும்?

5

இனி நம் விஷயத்துக்கு வரலாம். குறைந்த பேர் படிப்பதையே தரத்தின் அத்தாட்சியாகக் கொள்ளும் ஒரு மனப்போக்கு நம்மிடம் உண்டு. காலி வரிசையைப் பதக்கமாகக் குத்திக்கொள்வது இது. வியாபாரியின் தராசையே தலைகீழாகப் பிடிப்பதுதான், தராசு அதேதான். 1971இல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’ தன்னை விலையிலாக் கவிமடல் என்று சொல்லிக்கொண்டது. அந்தக் கவிதைகளைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் அபிப்பிராயம் வேறு. ஆனால் வாசகன் வாசல் வரை போகவேண்டும் என்ற எண்ணத்தைப் பரிகசிக்க முடியாது. அவர்களோடு எந்த விதத்திலும் சேராத சி. சு. செல்லப்பா, புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனார். அவர் யாரையும் கடமைப்படுத்தவில்லை. தன் எழுத்தை எளிதாக்கிக்கொள்ளவும் இல்லை. ஒரு பங்கைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள் சிலர். அந்தச் சிலர் வாடிக்கைக்காரர்கள் ஆகவில்லை. அவர்களில் எழுத வந்தவர்களும் உண்டு.

பார்வைக்குக் கடன் கிடையாது என்றேன். பங்கு பெற்ற பின்னால் கடன் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வராதவனை நாம் கேட்க முடியாது. கோலி அவுட் ஆனதும் எழுந்து போனவனைக் கேட்கலாம்: நீ எதைப் பார்க்க வந்தாய்? சொந்த மைதானம் என்று அட்டவணையில் அச்சடித்துக்கொண்டவர்களையும் கேட்கலாம்: இந்த ஊருக்கு என்ன பங்கு கொடுத்தீர்கள்? பெயரில் இல்லை, உடைமையில் இல்லை. 26 சதவீதம் பாஸெலுக்குப் போயிற்று. தெருவில் பந்து உதைக்கும் ஒரு சிங்காநல்லூர்ப் பையன் அந்த அணியைத் தன்னுடையது என்று சொல்ல எந்த வழி இருந்தது?

ஒரு பத்திரிகை நின்றபின் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டுக் கார்டு போடுகிற வாசகர்கள் எத்தனை பேர் என்பதுதான் அதன் உண்மையான விற்பனை. அந்தக் கணக்கில், ஒரு தேசியப் பட்டத்தை வென்ற அணிக்கு இந்த நகரில் என்ன இருந்தது என்பதைப் பட்டம் வென்ற சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த அணி இல்லாமல் போன பருவத்தில், அதைத் தேடியவர்கள் எத்தனை பேர் என்றுதான் எண்ண வேண்டும்.