அடைக்கலப் பொருள்

2020 ஆகஸ்டு 4ஆம் நாள் காவல்துறையினர் கோலாலம்பூரிலுள்ள அல் ஜசீரா அலுவலகத்தைச் சோதனையிட்டு இரண்டு கணினிகளைக் கைப்பற்றினர். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஆவணமற்ற அயல்நாட்டுத் தொழிலாளர் நடத்தப்பட்ட முறையை அந்நிறுவனம் படமாக்கி ஒளிபரப்பியிருந்தது. அதில் முகங்காட்டிப் பேசிய வங்காளதேச இளைஞர் கைதாகி, நாடு கடத்தப்பட்டார்.

புகார் எழின் ஆராய்வது காவலர் கடமையே, மறுப்பாரில்லை. ஆயினும் இங்கே ஆராயப்பட்ட படம் அரசின் செயலைக் காட்டியது, ஆராய்ந்தவரும் அரசினரே. கணினி நிறுவனத்தின் உடைமை. அதனுள் முகங்காட்ட அஞ்சியோரின் பெயர்கள் இருப்பின், அவை கவுந்தியடிகள் மாதரியிடம் கண்ணகியை ஒப்படைத்தாற்போன்ற அடைக்கலமன்றோ? கருவியைப் பறிக்கும் ஆணை அடைக்கலத்தையும் பறிக்க வல்லதோ?

தலைநகரச் செய்தி ஜொகூருக்கும் எட்டும். பாசிர் கூடாங் தொழிற்சாலையொன்றில் உழைக்கும் அயல்நாட்டான், தன் குறையை உரைக்க வாய்திறக்குமுன், எதிரேயுள்ள படக்கருவியை ஒருமுறை உற்றுநோக்குவான். பேசாமலே திரும்பியும் விடுவான்.