ஊரார் பிள்ளை

பெரியம்மா வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். பெரியப்பாவின் கிராமத்திலிருந்து பதினோரு வயதில் கூட்டி வரப்பட்டவள். "அங்க சோத்துக்கே கஷ்டம். இங்க வீட்டோட இருந்து நாலெழுத்து படிக்கட்டும்" என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். கோடை விடுமுறைக்கு நாங்கள் போகும்போதெல்லாம் அவள்தான் எங்களுக்குத் தோசை வார்த்துப் போடுவாள். யாராவது அவளைப் பற்றி விசாரித்தால் பெரியம்மா இரண்டு வாக்கியம் சொல்வார். ஒன்று, "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி." இன்னொன்று, "ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்."

இந்தப் பழமொழிக்கு வேறு விளக்கமும் உண்டு. ஊரார் பிள்ளை என்பது கர்ப்பிணியான மனைவி, அவளை நன்றாகக் கவனித்தால் வயிற்றிலிருக்கும் தன் பிள்ளை வளரும் என்பார்கள். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் விளக்கம். நான் நேர்ப்பொருளைத்தான் நம்பியிருந்தேன். அடுத்தவர் குழந்தையின் மேல் வைக்கும் அன்பு எப்படியோ சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்கும் வந்து சேரும், இரக்கம் ஓரிடத்தில் தொடங்கினால் போதும், மற்ற இடங்களுக்குத் தானே பரவிவிடும் என்று. அந்த நம்பிக்கையை அசைத்தது சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக்கிராமத்தின் கதை.

1944 ஆகஸ்டில் வால்டர் ராபர்ட் கோர்ட்டி என்ற தத்துவவாதி, 'டூ' என்ற சுவிஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். போரில் எல்லாவற்றையும் இழந்த குழந்தைகளுக்காக நாம் ஒரு கிராமம் கட்டுவோம் என்பதே அதன் சாரம். போர் அப்போது முடிந்திருக்கவில்லை. ஆனாலும் பணம் வந்தது, ஆட்கள் வந்தார்கள். 1946-ல் அப்பென்செல் மலைப்பகுதியில் ட்ரோகன் என்ற ஊரில் அடிக்கல் நாட்டினார்கள். பெஸ்டலோஸியின் பெயரை அந்தக் கிராமத்துக்கு வைத்தார்கள். 1798-ல் பிரெஞ்சுப் படை சூறையாடிய பிறகு, ஸ்டான்ஸ் என்ற ஊரில் அநாதைக் குழந்தைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொண்ட கல்வியாளர் அவர்.

பிரான்ஸ், போலந்து, இத்தாலி, ஹங்கேரி, ஜெர்மனி, கிரீஸ், பின்லாந்து என்று போரில் நொறுங்கிய பல நாடுகளின் குழந்தைகள் ட்ரோகனுக்கு வந்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வீடு. வீட்டுக்குள் அவரவர் மொழி, அவரவர் நாட்டிலிருந்து வந்த பெரியவர்கள். வெளியே வந்தால் எல்லோருக்கும் பொதுவான முற்றம். தான் யாருடைய பிள்ளை என்பதை மறக்காமலே ஒரு குழந்தை உலகத்தின் பிள்ளையாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் இருந்தது. 1948 ஜூலையில் யுனெஸ்கோவின் ஆதரவில், இதுபோன்ற குழந்தைக் கிராமங்களையும் இல்லங்களையும் நடத்துபவர்கள் பல நாடுகளிலிருந்து ட்ரோகனில் கூடினார்கள். மூன்று வருடம் முன்புவரை ஒருவர்மேல் ஒருவர் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாடுகள். பெற்றோரில்லாமல் வளரும் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். ஃபீசே என்ற சர்வதேசக் கூட்டமைப்பு அங்கேதான் பிறந்தது. இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. பிறகுதான் இன்னொரு செய்தி கண்ணில் பட்டது.

அதே 1944-ல், அதே நாட்டில், 'டி நட்சியோன்' என்ற பத்திரிகையில் பீட்டர் சுராவா எழுத, பால் ஸென் படமெடுத்து ஒரு கட்டுரைத் தொகுதி வந்தது. லுட்சர்ன் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் சுவிஸ் பையன்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைப் பற்றியது அது. அது ஒரு இல்லத்தோடு நிற்கிற விஷயமுமில்லை. 'ஃபெர்டிங்கிண்டர்' என்று ஜெர்மனில் ஒரு சொல் இருக்கிறது, ஒப்பந்தத்துக்கு விடப்பட்ட குழந்தைகள் என்று பொருள். தாய் திருமணமாகாதவள், அப்பா இறந்துவிட்டார், குடும்பத்துக்கு வருமானமில்லை, இப்படி ஏதாவது ஒரு காரணம் போதும். உள்ளூர் நிர்வாகம் பிள்ளையைப் பிரித்து ஒரு விவசாயி வீட்டில் விடும். 19-ஆம் நூற்றாண்டில் இதற்கு ஏலமே நடந்திருக்கிறது, அதுவும் தலைகீழ் ஏலம். பிள்ளையை வைத்துக்கொள்ள யார் குறைந்த பணம் கேட்கிறாரோ அவருக்கே பிள்ளை. விடிவதற்கு முன் மாட்டுக்கொட்டகை, பிறகு பள்ளி, திரும்பி வந்தால் வயல். குடும்பத்தோடு ஒரே மேசையில் சாப்பிட உட்காரவிடாத வீடுகள் ஏராளம். அடியும், அதைவிட மோசமானவையும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டியும் இது தொடர்ந்தது.

இன்னொன்றும் நடந்தது. நாடோடிகளாக வாழ்ந்த யெனிஷ் மக்களின் குழந்தைகளை, 'ப்ரோ யுவென்டூட்டே' என்ற மதிப்புமிக்க குழந்தைநல அமைப்பு 1926 முதல் 1973 வரை குடும்பங்களிலிருந்து பிரித்தெடுத்தது. கிட்டத்தட்ட 600 பேர். நாடோடி வாழ்க்கையை ஒழிப்பதுதான் நோக்கம். அதைக் குழந்தைகளின் நன்மை என்றே சொன்னார்கள்.

போலித்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. ட்ரோகனுக்குக் கல் சுமந்தவர்கள் நடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அப்படியானால் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. உண்மையான இரக்கம் உள்ளவர்களுக்கே ஏன் தூரத்துக் குழந்தை முதலில் தெரிகிறது?

ஒரு காரணம், தூரத்துக் குழந்தை நம்மீது குற்றம் சாட்டுவதில்லை. அதன் வீட்டை இடித்தது யாரோ போட்ட குண்டு. பக்கத்துப் பண்ணையில் இருக்கும் பையனைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தால் ஊர்த்தலைவர், பாதிரியார், பள்ளி ஆசிரியர், நாம் பால் வாங்குகிற விவசாயி என்று தெரிந்த பெயர்களாக வரும். இன்னொரு காரணம் பெற்றோர். போர் அநாதையின் அம்மா அப்பா இறந்துவிட்டார்கள். இறந்தவர்களை மதிப்பது சுலபம். ஏழைப் பிள்ளையின் அம்மா உயிரோடு இருக்கிறாள், கந்தலோடு, கடனோடு, சில நேரம் குடியோடு. அவளை நமக்குப் பிடிக்கவில்லை. அவளிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.

அப்படியானால் பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பேசுவதில் என்ன பயன்? அதுவும் தூரத்தைப் பார்க்கிற இன்னொரு வழிதானே? இந்தச் சந்தேகம் நியாயமானது. தவறான அறிவும் எல்லை தாண்டித்தான் பயணம் செய்திருக்கிறது. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்தவர்களும், ஆஸ்திரேலியாவில் அவர்களைத் தாயிடமிருந்து பிரித்தவர்களும் குழந்தையின் நலன் என்ற மொழியில்தான் பேசினார்கள். பத்து நாட்டு நிபுணர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்பதாலேயே ஒரு விஷயம் சரியாகிவிடாது. பத்துப் பேரும் ஒரே தப்பைச் செய்துகொண்டிருக்கலாம்.

இருந்தும் ஒரு பயன் இருக்கிறது என்று நினைக்கிறேன். விருந்தாளிக்கு நம் வீட்டின் பழக்கங்கள் தெரியாது. "எங்க ஊர்ல இப்படித்தான்" என்பது அவருக்குப் பதிலாகாது. ஒரு நாட்டின் குழந்தைநல ஊழியர் இன்னொரு நாட்டுக்குப் போவது தன் முறையை அங்கே விற்பதற்காக என்றால் அது வியாபாரம். 'என் வீட்டில் இது தப்பாகப் போனது, உன் வீட்டில் எப்படி?' என்று கேட்கப் போனால் அதுதான் கூட்டுறவு. தன் அவமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர்தான் அடுத்தவர் அவமானத்தைப் பார்க்கும் தகுதி பெறுகிறார்.

ஆனால் விருந்தாளியின் கண் மட்டும் போதாது. 1944-ல் சுவிஸ் பத்திரிகையே படம் போட்டுக் காட்டியது. அதற்கும் முன்பே, இல்லங்களில் வளர்ந்த எழுத்தாளரான கார்ல் ஆல்பர்ட் லூஸ்லி 1924-ல் அவற்றைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதினார். பார்த்தார்கள், பிறகு மறந்தார்கள். மறக்க முடியாமல் செய்தவர்கள் அந்தப் பிள்ளைகளேதான், அதுவும் வளர்ந்து கிழவர்களான பிறகு. 2013-ல் அரசின் சார்பில் அமைச்சர் சிமொனெட்டா சோமாருகா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருடம், தானும் இல்லத்தில் இருந்து வளர்ந்தவரான கிடோ ஃப்ளூரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார். 2017-ல் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000 ஃப்ராங்க். ஒரு குழந்தைப் பருவத்தின் விலையா அது என்றால் இல்லை. இப்படி நடந்தது என்று அரசு எழுதிக் கொடுத்ததற்கான அடையாளம்.

குடும்பத்துக்கு வெளியே வளரும் குழந்தைகளின் பராமரிப்பு பற்றி 2009-ல் ஐ.நா. பொதுச்சபை வழிகாட்டு நெறிகளை ஏற்றது. பல நாட்டு வல்லுநர்கள் வருடக்கணக்கில் பேசி உருவாக்கியவை. வறுமை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதன் அடையாளமாக அதைப் பார்க்க வேண்டும் என்று அதில் வருகிறது. சட்டமொழியின் வறட்டு வாக்கியம்தான். ஆனால் அந்தக் கொட்டகைப் பையன்களுக்குக் கிடைக்காமல் போன வாக்கியம் அது.

அதைப் படித்த அன்று எனக்குப் பெரியம்மா வீடு ஞாபகம் வந்தது. ஒரு கோடையில் பெரியப்பாவின் நண்பர் வெளியூரிலிருந்து மனைவியோடு வந்திருந்தார். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். அந்தம்மா சாதாரணமாக, "பாப்பா, நீ எந்த கிளாஸ் படிக்கிறே?" என்று கேட்டார். கூடத்தில் யாரும் பேசவில்லை. பெரியம்மா சிரித்துக்கொண்டே, "அவளுக்குப் படிப்பு ஏறலங்க" என்றார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அப்போது ஆறாவது முடித்திருந்தேன். நாலு கோடையாக அவள் வார்த்த தோசையைச் சாப்பிட்டிருந்தேன். அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. பெரியம்மா கெட்டவரில்லை. அவளுக்குத் தீபாவளிக்கு எங்களுக்கு எடுத்த அதே கடையில்தான் துணி எடுத்தார். ஆனால் 'மாதிரி' என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம்தான் அவள் கடைசிவரை இருந்தாள்.

இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பந்தி முடிந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, தயங்கித் தயங்கி அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்தம்மா பச்சைப் பட்டு கட்டியிருந்தாங்க" என்றாள். "எந்த கிளாஸ்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடியும் யாரும் கேட்டதில்ல தம்பி, அதுக்கப்புறமும் யாரும் கேக்கல. இப்ப நீதான் கேக்குற."