எடையின் கணக்கு

தார்ச்சாலையில் நடக்கும்போது நமக்கு எடை இருப்பதே நினைவில் நிற்பதில்லை. தார் தாங்குகிறது, கல் தாங்குகிறது. தாங்குவதாக அவை சொல்லிக்கொள்வதுமில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலையின் தென்சரிவில், சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் பாரடைஸ் என்றோர் இடம் இருக்கிறது. 1971-72 குளிர்காலத்தில் மட்டும் அங்கே பெய்த வெண்பனி 28 மீட்டருக்கும் அதிகம். அந்த மலையில் ஒரு ஜனவரிப் பகலில், மிதிபட்ட தடத்தை விட்டு வெறும் பூட்ஸோடு ஓரடி விலகுகிறவர் தொடைவரை புதைந்துபோகிறார். நாம் எவ்வளவு பாரம் என்பதை அதுவரை எவரும் நமக்கு அத்தனை நேர்மையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புதையாமல் நடக்கப் பூட்ஸின் அடியில் கட்டிக்கொள்ளும் அகன்ற பனிக்காலணியான ஸ்னோஷூ நம் எடையில் ஒரு கிராமைக்கூடக் குறைப்பதில்லை. சொல்லப்போனால் சற்றே கூட்டுகிறது. ஒரு பாதத்தின் கீழ் குவிந்து இறங்கும் பாரத்தை ஏறத்தாழ ஐந்து மடங்கு பரப்பில் விரித்துவிடுகிறது, அவ்வளவுதான். இளகிய மண்ணில் கொத்தனார் கடைக்காலை அகலமாகப் போடுவதும் இதே கணக்குதான். வளைத்த மரச்சட்டத்தில் தோல்வாரைப் பின்னி, வேட்டையும் பயணமும் பனிக்காலத்தில் நின்றுவிடாதபடி பார்த்துக்கொண்டவர்கள் வட அமெரிக்கப் பூர்வகுடிகள். அவர்கள் வேட்டையாடிய காடுகளின் முயலுக்கோ பின்னங்கால்களே இயல்பாக அகன்றிருக்கின்றன. அதைத் துரத்தும் லிங்க்ஸ் பூனைக்கும் அப்படித்தான். இரைக்கும் வேட்டையாடிக்கும் இயற்கை ஒரே விடையைத் தந்திருக்கிறது. அந்த நடுவுநிலைமையில் கொஞ்சம் குரூரமும் இருக்கிறது.

பற்றுகளை உதறி இலேசாகிவிடுவதே விடுதலை என்று நம் மரபு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. துறவிகளுக்கு அது கைகூடலாம். வீடும் கடனும் கடமையும் சுமந்து நடக்கிற நாம் எடையை எங்கே இறக்கிவைப்பது? நமக்கு வாய்த்திருப்பது பாரத்தோடேயே நடப்பதுதான். ஆனால் அது எங்கே விழுகிறது, எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்பதில் நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

புதிதாய்ப் பெய்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அந்தச் சின்னஞ்சிறு காற்றறைகள் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால்தான் பனி பெய்த மலைக்கு அந்த மௌனம் வருகிறது. முதலில் செல்பவர் அந்தக் காற்றை மிதித்து வெளியேற்றித்தான் தடம் போடவேண்டும். உழைப்பு முழுக்க அவருடையது. பின்னால் வருகிறவர் பேசிக்கொண்டே வரலாம். மூச்சு இரைக்கத் தொடங்கியதும் முன்னவர் ஓரமாய் ஒதுங்கி, எல்லோரையும் போகவிட்டு, வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்கிறார். தலைமையை இவ்வளவு இயல்பாகக் கைமாற்றும் கூட்டத்தைச் சமவெளியில் காண்பது அரிது.

ஆயினும் விரித்து வைத்த எடையும் எடைதான். பருவத்தின் தொடக்கத்தில், பனி ஓரடி ஒன்றரை அடி மட்டுமே படிந்திருக்கும்போது, அதற்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள சிற்றிடைவெளியில் வயலெலிகளும் மூஞ்சூறுகளும் குளிருக்குத் தப்பி நடமாடுகின்றன. மேலே காற்று எவ்வளவு உறைந்தாலும் அங்கே வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். நம் காலடியில் பனி இறுகினால் அந்தப் போர்வை மெலிகிறது, இடைவெளி நொறுங்குகிறது. நமக்குக் கேட்பது பனி நொறுங்கும் ஓசை மட்டுமே. செங்குத்துச் சரிவுகளிலோ கணக்கு இன்னும் கடுமையாகிறது: பல நாள் பனிப்பொழிவும் காற்றும் ஏற்றிவைத்த பளு விளிம்பில் காத்திருக்க, அதன்மீது ஒரே ஒரு மனிதரின் எடை போய்ச் சேர்கிறது. பனிச்சரிவில் சிக்கி மாண்டவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் அந்தச் சரிவைக் கிளப்பியது அவர்களோ அவர்களோடு வந்தவர்களோதான்.

எடை என்பது நமக்குள் மட்டும் இருக்கும் குணமன்று, நாம் எதன்மீது நிற்கிறோமோ அதோடு நமக்குள்ள உறவு என்று இவ்விடத்தில் தெளியத் தொடங்குகிறது. கெட்டித் தரையிலேயே வளர்ந்த அதிகாரிக்கும், யாரும் எதிர்த்துப் பேசாத வீட்டில் வாழும் குடும்பத் தலைவருக்கும் தம் பாரம் தெரியாமல் போவது அவர்கள் இலேசானவர்கள் என்பதால் அல்ல; கீழே உள்ளவர்கள் புதைவதைக் காட்டிக்கொள்ளாமல் தாங்கிப் பழகிவிட்டதால். பனி உடனே சொல்லிவிடுகிறது. மனிதர்கள் சொல்லப் பல ஆண்டுகள் ஆகின்றன, சிலர் சொல்லாமலே போய்விடுகிறார்கள், அவர்கள் இருந்த இடத்தில் நாம் ஒரு நாள் திடீரென்று கால் இடறும்போதுதான் இத்தனை காலம் எதன்மேல் நின்றிருந்தோம் என்ற கேள்வியே நம்மிடம் பிறக்கிறது.

அழுத்தியது எளிதில் கரைவதுமில்லை. வசந்தம் வந்ததும் இளம்பனி முதலில் உருகி வடிய, குளிர்காலமெல்லாம் மிதிபட்டு இறுகிய தடம் மட்டும் வரப்புபோல் உயர்ந்து நிற்கும். மிக அழுத்தப்பட்ட இடத்தில் குளிர் மிக நீண்டு தங்குகிறது. இதைக் குற்றப்பத்திரிகையாக மட்டும் வாசிப்பது நியாயமாகாது என்றே தோன்றுகிறது. அந்தப் பருவத்தில் இருபுறமும் பனி விலகி, பாரடைஸின் புல்வெளிகளில் மென்மையான தளிர்கள் வெளிப்படுகின்றன; ஒரு மிதி பட்டாலும் தேற அவற்றுக்கு நெடுங்காலம் ஆகும். புல்வெளியில் இறங்காமல் பாதையிலோ மிச்சமிருக்கும் பனியிலோ நடக்குமாறு அந்த மலைப் பூங்காவின் ஊழியர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் யாரோ அழுத்தி இறுக்கிய அந்த வரப்பின் மேல்தான் அப்போது எல்லோரும் நடக்கிறார்கள்.